குறை சொல்லாத ஒப்பாரி

வீரபத்திரனின் மூச்சு மெஷின் விடிகாலையில் தானாக நின்றுபோனது. கண் அசராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனைவி செங்கமலம் என்ன தட்டியும் அது மறுபடி ஓடவில்லை.

உடலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்ததும் செங்கமலம் எமனைத் திட்டி அழுதாள், குலதெய்வத்தைத் திட்டி அழுதாள். மெஷினைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. உள்ளறையில் மகள் இளவஞ்சிக்கும் அதே கம்பெனி மெஷின்தான் மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது. கம்பெனியைக் குறை பேசும் வீட்டில் மெஷின் ஓடாது என்பது ஒப்பந்தம். மெஷின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டும் இருக்கும்.

வெளியூரிலிருந்து வந்த நாத்தனாருக்கு இது தெரியாது. மாரடித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"எங்கண்ணனக் கொன்னுடுச்சே அந்தப் பாழாப்போன மெஷினு!"

செங்கமலம் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "உள்ள புள்ள இருக்கா, தாயி" என்று காதோடு கெஞ்சினாள்.

உள்ளறையிலிருந்து கனிவான குரல் கேட்டது. "எங்கள் சேவையில் ஏதாவது குறை உண்டா?"

செங்கமலம் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, உள்ளே கேட்கும்படி ராகமிழுத்தாள்.

"பொன்னான மெஷினு பக்கத்துல நிக்கையில, பாவி நான்தானே கண்ணசந்தேன் என் ராசா!"

சுற்றியிருந்த பெண்கள் வழக்கப்படி அந்த வரியை வாங்கிப் பாடினார்கள். கடைசியில் நாத்தனாரும் பாடினாள்.