சிவப்புக் கண்ணாடி

நூற்றைம்பது வருஷத்து வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு வங்கி போட்ட விலை நாற்பது லட்சம். அது உடையாமல் நின்றால்தான் இந்தப் பழைய கோர்ட்டுக் கட்டடத்தை வீடுகளாக்க அடுத்த தவணைக் கடன் வரும். அதன்மேல் சம்மட்டியை ஓங்கி நிற்கிறார் மேஸ்திரி. முகமெல்லாம் நீலமும் சிவப்புமாய் வெளிச்சம். “ரெண்டு மாசக் கூலி எங்கடா, மச்சான்? உங்க அக்காவைக் கட்டுன பாவத்துக்கு ஓசியில உழைக்கணுமா?” “கடன் வரட்டும் மாமா!” என்று கத்திக்கொண்டே கட்டட முதலாளி ஓடிவந்து, ஜன்னலின் கல் சட்டத்தில் கையூன்றிக் குறுக்கே நிற்கிறான். வீசிய சம்மட்டியை மேஸ்திரி பதறித் திருப்ப, அது அவன் விரல்களின்மேல் இறங்குகிறது. எலும்பு நொறுங்கும் சத்தம் காலிக் கூடத்தைச் சுற்றி வருகிறது. சிவப்புக் கண்ணாடியில் தெறித்த ரத்தம் தனியாகத் தெரியவில்லை. “கீறல் இருக்கா, பாருங்க மாமா.” மேஸ்திரி துண்டால் துடைத்துப் பார்க்கிறார். கண்ணாடி முழுசு. விரல் மூன்று நஷ்டம். கூலி பாக்கி.