பாலிஷ்காரர் வீட்டுக் காற்று

"நாளைக்கு வீட்டுக் காத்தை டெஸ்ட் பண்ண ஆள் வருது. நீங்க வேலைக்கு லீவு சொல்லிடுங்க."

மனைவி இப்படிச் சொன்னதும், பால்கனியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பாலிஷ்காரர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

மேஜை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுகிறவர் அவர். சின்ன மகளுக்கு மூச்சிரைப்பு வந்ததிலிருந்து சாப்பாடு, படுக்கை எல்லாம் பால்கனியில்தான். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. "வீட்டுக்குள்ள ஒரே வார்னிஷ் வாடை. குழந்தைக்கு எப்படிக் குணமாகும்?" என்று மனைவியின் அண்ணன் ஒருநாள் சொன்னார். அன்றைக்கே இவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பட்டறையிலேயே குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் வருவார். ஆனாலும் மகளை மடியில் வைத்துக் கொஞ்சி மாசக்கணக்காகிறது.

மறுநாள் காலையிலேயே மைத்துனர் ஆஜர்.

"இப்பவாவது தங்கச்சிக்குப் புத்தி வந்துச்சே. மெஷின் பொய் சொல்லாது மாப்பிள்ளை. ரிசல்ட் வந்ததும் பட்டறைப் பக்கமே ஒரு ரூம் பார்த்துக்கங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பாலிஷ்காரர் தலையாட்டினார். உனக்கும் அதுதான் எண்ணமா என்று மனைவியிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

காற்றைச் சோதிக்க வந்தது ஒரு பெண். பெட்டியைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"முதல்ல இவர்கிட்ட ஆரம்பிங்கம்மா. சட்டை, பை, படுக்கிற இடம், ஒண்ணு விடாமப் பாருங்க."

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. பையை நீட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அந்தப் பெண் அவர் சட்டையிலும் பையிலும் பால்கனியிலும் கருவியைப் பிடித்தாள். அப்புறம் கூடத்தில். மகள் தூங்கும் அறைக்குள் போனவள் நெற்றியைச் சுருக்கினாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த அலமாரியைக் கொஞ்சம் நகர்த்துங்க."

மாப்பிள்ளையும் மைத்துனருமாக நகர்த்தினார்கள். பின்னால் சுவர் முழுக்க ஈரம். கரி அப்பினாற்போல் கறுப்பாகப் பூஞ்சை.

"பாத்ரூம் குழாய் சுவருக்குள்ள கசியுது. குழந்தை ராத்திரி முழுக்க இந்தப் பூஞ்சைக் காத்தைத்தான் இழுக்குறா. ஆமா, ஜன்னலை ஏன் ஆணி அடிச்சு மூடியிருக்கீங்க?"

மைத்துனர் கனைத்தார். "பால்கனி வாடை உள்ளே வரக்கூடாதேன்னு... நான்தான் அடிச்சேன்."

"நல்ல காத்து உள்ளே வர இருந்த வழி அது ஒண்ணுதான் சார்."

"அப்போ வார்னிஷ்?"

"இவர்கிட்டயும் பார்த்துட்டேன், பையிலயும் பார்த்துட்டேன். ஒண்ணுமே இல்லை. வேலைத்துணியை வீட்டுக்கே கொண்டு வர்றதில்லை போல. குழாயைச் சரி பண்ணி, சுவரைச் சுத்தம் பண்ணுங்க. அதுவரைக்கும் குழந்தை கூடத்துல தூங்கட்டும். டாக்டர்கிட்டயும் இதைச் சொல்லிடுங்க."

ஆணி பிடுங்கக் குறடு எங்கே என்று கேட்டார் மைத்துனர்.

பாலிஷ்காரர் தயங்கித் தயங்கி அந்தப் பெண்ணிடம் வந்தார். "நான் குழந்தையைத் தூக்கலாமாம்மா?"

"தாராளமா. ஏன், இத்தனை நாள் தூக்கலையா?"

அவர் கூடத்துக்கு ஓடினார். தூக்கிய தூக்கில் மகளின் தலை மின்விசிறியைத் தொட்டுவிடும்போல் இருந்தது. அவள் சிரித்தாள், கொஞ்சம் இருமினாள், மறுபடி சிரித்தாள். இறங்கவே மாட்டேன் என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சோதிக்க வந்தவளும் அண்ணனும் கிளம்பிப் போனபின், அன்று ராத்திரி அவர் மெதுவாக மனைவியிடம் கேட்டார்.

"நான்தான் காரணம்னு நீயும் நினைச்சே, இல்லே?"

"நீங்க வெளியூர் வேலைக்குப் போயிருந்த வாரம் முழுக்க இவ இப்படித்தான் இருமினா. காரணம் நீங்க இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"பின்னே ஏன் முதல்ல என்னைப் பார்க்கச் சொன்னே?"

கூடத்தில் அவருக்கும் சேர்த்துப் படுக்கை விரித்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"நான் சொன்னா, உங்க மனசு நோகாம இருக்கச் சொல்றேன்னு நினைச்சுப்பீங்க. அதான், உங்களை உள்ளே கூப்பிட வெளியாளை வரவழைச்சேன்."