ஒன்பது கட்டைகள்

மேசைக்கு அடியில், உளவியலாளரின் மடியில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரே, தலையில் தையல் தழும்போடு டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து நான்கு மாதம் ஆகிறது. இந்த அறிவுத்திறன் சோதனையில் தேறினால்தான் கம்பெனி அவரை மறுபடி வேலைக்கு எடுக்கும். அட்டையிலுள்ள சிவப்பு வெள்ளைப் படத்தைப் போலவே ஒன்பது மரக்கட்டைகளை இரண்டு நிமிடத்துக்குள் அடுக்க வேண்டும். ஜன்னல் வெயில் மேசையில் சாய்ந்து கிடக்கிறது. எட்டுக் கட்டைகள் சட்டென்று இடத்துக்கு வந்துவிட்டன. ஒன்பதாவது இன்னும் கையிலேயே இருக்கிறது. ஒரு கண்ணை மூடிக் குனிகிறார், ஓரத்தைக் கட்டைவிரலால் தட்டுகிறார், இடுக்கில் நகத்தை விட்டுப் பார்க்கிறார், மறுபடி தட்டுகிறார். “அதையும் வைங்களேன்,” என்று சுவரோரம் உட்கார்ந்திருக்கும் மனைவி குரலை அடக்கிச் சொல்கிறாள். “இரு, ஒரு கட்டை நூலளவு வெளிய நிக்குது.” கடைசிக் கட்டையை வைத்து, மேற்பரப்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவுகிறார். “முடிஞ்சுதுங்க மேடம்.” பதினோரு வினாடி தாமதம். சோதிப்பவர் முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்பது விதி. “சரிங்க,” என்று சொல்லிவிட்டு உளவியலாளர் தாளில் பூஜ்யம் போடுகிறார். அடுத்த படத்துக்காகக் கட்டைகளைப் பிரிக்கக் கை நீட்டுகிறார். எந்த இடுக்கிலும் உளவியலாளரின் நகம் இறங்கவில்லை.