நாலாம் வீடு

"சாயங்காலம் அஞ்சு மணி அஞ்சு நிமிஷம்" என்றான்.

ஜோசியர் மடிக்கணினியில் அதைத் தட்டினார்.

மகள் பிறந்தது நாலு பதினேழுக்கு. மறுநாள், இரத்தப்போக்கு நிற்காமல் மனைவி பூரணி இறந்தாள். நேரம் எழுதியிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை இன்று காலைதான் கிழித்துப் போட்டான்.

எதிரே பூரணியின் அக்கா செண்பகவல்லி. அவளுடைய கைக்குழந்தை மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

அவன் மகள் பாயில் கிடந்தாள். முப்பத்தொரு நாளாகப் புட்டிப்பால். பாதி வெளியே வந்துவிடும்.

"தாயத் தின்னுட்டுப் பொறந்ததா இல்லையான்னு கட்டம் சொல்லட்டும் தம்பி. பொறவு தொடுதேன்." மகளோடு அவன் இந்த வீட்டுக்கு வந்த அன்றே செண்பகவல்லி சொல்லிவிட்டாள்.

அவன் கல்லூரியில் இயற்பியல் நடத்துபவன். கரும்பலகையின் நடுவில் சூரியனைப் போட்டு, புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்று வட்டம் வட்டமாக வரைபவன்.

இங்கே பன்னிரண்டு சதுரங்கள். சூரியன் ஏதோ ஒரு மூலையில்.

பூமி எதிலும் இல்லை.

நாலு பதினேழுக்கு, சனியும் செவ்வாயும் நாலாம் வீட்டில். தாயின் வீடு. லக்னம் மாறினால் வீடுகள் ஒன்று நகரும். நேற்றிரவே கைப்பேசியில் பிறந்த நேரத்தை நிமிடம் நிமிடமாகத் தள்ளிப் பார்த்திருந்தான். ஐந்து மணிக்கு மேல் நாலாம் வீடு காலி.

ஜோசியர் நிமிர்ந்தார்.

"பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல. தாய்க்குத் தீர்க்காயுசுல்லா போட்டிருக்கு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செண்பகவல்லி அவனைப் பார்த்தாள்.

"அப்போ எந் தங்கச்சி யாரால போனா?"

நேரத்துக்கு ரத்தம் கிடைக்காததால். ஏற்கெனவே சொல்லியிருக்கிறான். யாரும் காதில் வாங்கவில்லை.

சட்டைப்பையிலிருந்து தன் ஜாதகத்தை எடுத்து நீட்டினான்.

ஜோசியருக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது.

"ஏழுல செவ்வா. பொண்டாட்டிக்கு ஆகாது. கல்யாணத்துக்கு முன்ன பாக்கலியா?"

"காதல் கல்யாணம்லா. பாக்க விட்டாத்தான?" என்றாள் செண்பகவல்லி.

தன் குழந்தையை இறக்கிக் கிடத்தினாள். அவன் மகளைத் தூக்கி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இவ எங்கிட்டயே வளரட்டும். நீங்க இந்தப் பக்கம் வராதீங்க தம்பி. இதுக்கும் ஏதாச்சும் ஆயிரப்போவுது."

அவனுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

எழுந்து வாசலுக்கு வந்தான்.

உள்ளே, விழுங்கும் சத்தம்.

அது நிற்கும் வரை செருப்பை மாட்டவில்லை.