பெண்ணை வெளியே எடுக்கும் நேரம்

"யோவ், அழுறத நிறுத்து. மொதல்ல வீட்டுக்குப் போயி அந்தப் பொண்ண வெளிய எடு" என்றாள் லம்துவன், பிரசவக் கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் புருஷன் சோம்கித்துக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் வலி கண்ட களேபரத்தில் தொட்டியில் விட்டிருந்த சண்டைமீன் ஜோடியை அவன் மறந்தே போயிருந்தான்.

"உன்ன இப்படி விட்டுட்டா?"

"அது செத்துச்சுன்னா நீ வீட்டுப் பக்கமே வராத."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காலையிலிருந்து அவன் இரண்டு தடவை மயங்கி விழுந்திருந்தான். முதல் தடவை ஊசியைப் பார்த்து. இரண்டாவது தடவை, முதல் தடவை விழுந்ததில் உடைந்த தன் நெற்றியைக் கண்ணாடியில் பார்த்து.

மோட்டார் சைக்கிளை விரட்டினான்.

தாய்லாந்தின் நக்கோன் பத்தோமில் அவர்கள் தெரு முழுக்கச் சண்டைமீன் வளர்ப்பவர்கள்தான். சேர்ந்திருக்கும் வரை ஆண் மீன் கொஞ்சும். முட்டை விழுந்து முடிந்ததும் அதே பெண்ணைத் துரத்தித் துரத்திக் கடித்துக் கொல்லும். அதற்குள் பெண்ணை எடுத்துவிட வேண்டும். அதன்பிறகு முட்டையும் குஞ்சும் ஆணின் பாடு.

அதிலும் இந்தப் பெண், வால் மட்டும் சிவந்த வெள்ளை மீன். லம்துவன் மூன்று வருடம் பாடுபட்டு எடுத்த நிறம். அந்த நிறத்தில் வேறு பெண் கிடையாது.

"புள்ள பொறந்தாச்சாடா?" என்று நூடுல்ஸ் கடை ஜேம் அக்கா வாசலிலிருந்து கத்தினாள்.

"முட்டையப் பாக்கப் போறேன் அக்கா!"

"நல்லா விளங்கும் உன் குடும்பம்!"

கொல்லைக்கு ஓடி, மண்தொட்டியின் மூடியைத் தூக்கினான்.

தண்ணீரில் மிதந்த பாதாம் இலைக்கு அடியில் ஆண் ஊதிக் கட்டிய நுரைக்கூடு. கூடு நிறைய முட்டை. ஒரு முட்டை நழுவி விழ, ஆண் பாய்ந்து வாயில் கவ்வி மேலே கொண்டுபோய் ஒட்டியது.

பெண்ணைக் காணோம்.

தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவினான். ஆண் அவன் விரலைக் கடித்தது. தரையில் தேடினான். வாளிக்குப் பின்னால், வடிகாலில், அடுத்த வீட்டுப் பூனையின் முகத்தில்கூடத் தேடினான். பூனை கொட்டாவி விட்டது.

தொலைந்தோம் என்று குந்தி உட்கார்ந்தபோதுதான் எதிரே இருந்த அலமாரி கண்ணில் பட்டது. தட்டையான காலி விஸ்கி பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மீன். ஒன்றை ஒன்று பார்த்துச் சீறாமலிருக்க நடுவே ஒவ்வொரு அட்டை. அட்டையில் விவரம் எழுதுவது லம்துவன் வேலை. அவன் எழுத்து அவனுக்கே புரியாது.

கடைசி பாட்டிலில் சிவப்பு வால் ஆடியது. ஒரு செதில்கூடக் கலையவில்லை.

பக்கத்து அட்டையை உருவினான். அவள் கையெழுத்துதான். வரி மட்டும் கோணலாக இறங்கியிருந்தது.

"பெண் எடுத்தது: காலை 9.40."

ஒன்பது நாற்பது. அவள் வலியில் முனக, அவன் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடி வீட்டையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்த நேரம். சாவி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.

அப்படியென்றால் எதற்கு விரட்டினாள்?

அட்டையைத் திருப்பினான்.

"இனிமே ஆம்பள பாத்துக்கணும்."

கால்சட்டைப் பைக்குள் போன் அடித்தது. நர்ஸ்.

"பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அட்டையப் படிச்சாச்சுன்னா வரலாம்னு உங்க சம்சாரம் சொல்லச் சொன்னாங்க."