மஞ்சளில் வந்த பெயர்

பயப்படாமல் கேளுங்கள் மக்களே. கடியப்பட்டணத்து ரெஜிஷா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்பவள். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கிற ஒவ்வொரு வரியும் அவள் பெயரோடும், துபாயிலிருக்கும் கணவன் ரிஜோவின் பெயரோடும் தொடங்கும்படி அவளே அமைத்திருந்தாள். அவளுக்குப் பச்சை, அவனுக்கு நீலம்.

ஒருநாள் காலையில் பச்சையில் ‘கிரேசி’ என்றிருந்தது. கிரேசி அவள் தங்கை, துபாயிலேதான் நர்ஸ். ரெஜிஷா அதைத் திருத்தினாள். மறுபடியும் கிரேசியே வந்தது. கூடவே மஞ்சளில் ‘ஆன்லின்’ என்றொரு பெயரும் சேர்ந்துகொண்டது.

தங்கைக்குப் போன் போட்டாள்.

“ஏட்டி, ஆன்லின் யாருட்டி?”

கிரேசி அழத் தொடங்கினாள்.

“வயித்துல இருக்க பிள்ளைக்கு அந்தப் பேரு வைக்கணும்னு மனசுலதான் நெனச்சேன் அக்கா. ரிஜோ அத்தான்கிட்டகூட இன்னும் சொல்லல்ல.”