முருகன் பதக்கம்

"உனக்கு வாயில்லையே? 'இது முருகன்ர' எண்டு ஒரு சொல்லுச் சொன்னா நாக்குத் தேய்ஞ்சு போகுமோ?"

சிவனேஸ்வரி ஏசியது மகள் மயூராவை. முகத்தில் மட்டும் சிரிப்பு. என்ன செய்ய, சாப்பாட்டு மேசையில் விருந்தாளி இருக்கிறாளே! மயூராவோடு யூனிவர்சிட்டியில், அவர்கள் சொல்கிற யூனியில், படிக்கிற நவோமி. அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் விளங்காது. ஏசுறதுக்கு அது நல்ல வசதியாகப் போய்விட்டது.

"நவோமி, அனதர் இடியப்பம்?"

"யெஸ் ப்ளீஸ், அன்ரி!"

அந்தப் பிள்ளையென்றால் சிவனேஸ்வரிக்கு உயிர். இந்த வீட்டுக்கு வரத் தொடங்கின நாளிலிருந்து மீன், இறைச்சி எதையும் தொட்டதில்லை. வெள்ளைக்காரப் பிள்ளை இப்படிச் சுத்த சைவமாக இருக்கிறதே என்று கோயிலில் காண்கிற ஆக்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

இரண்டு இடியப்பத்தை வைத்துச் சொதியும் ஊற்றிவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். சிரிப்பு அப்படியே இருந்தது.

"உன்ர சிநேகிதி சயந்தினி காலமை போன் எடுத்து எல்லாம் சொல்லிப்போட்டாள். நீ ஒளிச்சாப்போல எனக்குத் தெரியாமல் போகுமோ?"

நடந்தது இதுதான். முதல்நாள் யூனி வாசலில் ஒருத்தன் மயூராவின் கழுத்துப் பதக்கத்தைப் பார்த்துவிட்டான். ஆறுமுனை நட்சத்திரம். "யூதப் பேயே, உங்கட சனத்துக்கு இஞ்ச இடமில்லை, ஓடு!" என்று கத்தி, காலடியில் துப்பியும் விட்டானாம்.

அது முருகனுடைய அறுகோணம் என்று அந்த மூதேவிக்கு எங்கே தெரியும்? நல்லூர்க் கோயிலில் அருச்சனை செய்வித்து, சிவனேஸ்வரி தன் கையாலேயே மகளுக்குப் போட்டுவிட்ட பதக்கம். நடுவில் குட்டியாக ஒரு வேலும் இருக்கிறது. கிட்ட வந்து குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

"சயந்தினி பாவம், 'அவள் சைவம், யூதப் பிள்ளை இல்லை' எண்டு சொல்ல ஓடி வந்தவளாம். நீ அவளின்ர கையைப் பிடிச்சு நிப்பாட்டினியாம். உனக்கென்ன விசரே?"

"அம்மா, லீவ் இட்."

"என்னத்த லீவ் இட்? அவன் கை நீட்டியிருந்தா? எனக்கு இருக்கிறது நீ ஒருத்தி!"

குரல் உடைந்துவிட்டது. அவளுக்குக் கோபத்தை விடப் பயம்தான் கூட. நாளைக்கும் அதே வாசலால்தானே பிள்ளை போகவேண்டும்!

"கழட்டு அதை. பிளாக்டவுன் நகைக்கடையில குடுத்து வேல் பதக்கமா மாத்துவம். அதுவும் முருகன்தான். ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது."

"கழட்ட மாட்டன்."

"பொல்லாத வீம்பு! ஆருக்காக உந்த வீம்பு?"

சிவனேஸ்வரியின் விரல் பதக்கத்தையே காட்டிக்கொண்டு நின்றது. பாஷை விளங்காவிட்டாலும் விரல் விளங்கும்தானே. நவோமி சாப்பாட்டை நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு, தன் ரீசேர்ட் கழுத்துக்குள் விரலை விட்டு ஒரு வெள்ளிச் சங்கிலியை வெளியே எடுத்தாள்.

அதிலும் ஆறுமுனை நட்சத்திரம்.

சிவனேஸ்வரி வாயைப் பிளந்தாள். உடனே முகமெல்லாம் பூரித்துப் போனது.

"அட, இவளுக்கும் முருகன் வாங்கிக் குடுத்திட்டியே! எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லைப் பார். எங்க, நடுவில வேல் காணேல்லை?"

அவ்வளவு நேரமும் உம்மென்று இருந்த மயூராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா, அது முருகன் இல்லை. அது அவையின்ர நட்சத்திரம். நவோமி யூதப் பிள்ளை."

"அப்ப, சைவச் சாப்பாடு?"

"அவையின்ர முறைப்படி வெட்டிச் சமைக்காத மீன், இறைச்சியைத் தொடமாட்டாள். அதுதான் எங்கட வீட்டில மரக்கறி."

சிவனேஸ்வரி கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டாள். கோயிலில் எத்தனை பேருக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்!

"அப்ப ஏன் சங்கிலியை உள்ளுக்கு விட்டிருக்கிறாள்?"

"யூனியில வெளிய போடப் பயம், அம்மா. நேற்று அவன் கத்தேக்க எனக்குப் பக்கத்தில நிண்டது இவள்தான். நடுங்கிக்கொண்டு நிண்டவள். நான் யூதப் பிள்ளை இல்லை எண்டு சொல்லித் தப்பியிருக்கலாம். அடுத்ததா அவன் ஆரைப் பார்த்திருப்பான், சொல்லுங்கோ?"

சிவனேஸ்வரி திரும்பி நவோமியைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. எழும்பிப்போய் அவளுடைய தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பிறகு மகளைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாள்.

"இஞ்ச பார், அந்தப் பதக்கத்தை மட்டும் கழட்டினியோ, உன்ர காலை முறிச்சுப் போடுவன்!"